லைன் அனுப்பியாச்சா? சிமுலேஷன் ஹாக்கி கேள்வி–பதில்

ஐஸ் ஹாக்கி சிமுலேஷன் லீகில் அணி நடத்தும் வாசகர்களிடமிருந்து இந்த முறை கேள்விகள் நிறையவே சேர்ந்துவிட்டன. இந்தப் பக்கத்தை முதல்முறையாகப் படிப்பவர்களுக்கு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என்.எச்.எல். என்கிற வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகில் 32 அணிகள் இருக்கின்றன. ஆளுக்கொரு அணியை எடுத்துக்கொண்டு, நிஜ வீரர்களுக்குத் திறன் வாரியாக மதிப்பெண் போட்டு, அவர்களை வாங்கி விற்று, ஆட்டத்தை மட்டும் மென்பொருளிடம் விட்டுவிடுவதுதான் சிமுலேஷன் லீக். யார் யாரோடு ஆட வேண்டும், எவ்வளவு நேரம் ஆட வேண்டும் என்று எழுதி அனுப்புவதை ‘லைன் அனுப்புவது’ என்போம். குறித்த நேரத்தில் லீகை நடத்தும் கமிஷனர் மென்பொருளை ஓட்டுவார். சில நிமிடங்களில் முடிவு வந்துவிடும். நான் பஃபலோ அணியை நடத்துகிறேன். சில சீசன்கள் கமிஷனராகவும் இருந்திருக்கிறேன்.

ஐஸ் ஹாக்கியை டி.வி.யில் நாலைந்து முறை பார்த்ததோடு சரி. நான் மேனேஜர் ஆக முடியுமா?

தாராளமாக ஆகலாம். முதல் மாதத்துக்குத் தேவையானது ரொம்பக் கொஞ்சம். களத்தில் ஒரு நேரத்தில் ஐந்து பேரும் ஒரு கோல்கீப்பரும். இருபது நிமிடம் வீதம் மூன்று பகுதிகள். ஒரு வீரர் முக்கால் நிமிடம் போல ஓடிவிட்டு பெஞ்சுக்குத் திரும்பிவிடுவார், அடுத்த கூட்டம் இறங்கும். அதனால்தான் ஆட்டத்துக்கு 20 பேர்: மூன்று பேர் (நடுவில் சென்டர், இரண்டு பக்கமும் விங்) கொண்ட நான்கு முன்வரிசை லைன்கள், மூன்று ஜோடி டிஃபென்ஸ், இரண்டு கோல்கீப்பர்கள். தப்பு செய்தவர் பெரும்பாலும் இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும், அதுதான் பெனால்டி. அந்த நேரம் களத்தில் ஒரு ஆள் அதிகமாக ஆடும் எதிரணிக்குப் பவர் பிளே.

இதைப் புரிந்துகொண்டால் லைன் படிவத்தை நிரப்பிவிடலாம். ஒன்றை மட்டும் முதல் நாளே கவனியுங்கள். சென்டர் ஆடுபவரை விங்கிலும், விங் ஆடுபவரை சென்டரிலும் போட்டால் பல மென்பொருள்கள் திறனைக் குறைத்துக் கணக்கிடும். மதிப்பெண்ணைப் பார்த்து மேலிருந்து கீழாக வரிசையாக நிரப்பிவிட்டு, ஏன் தோற்கிறோம் என்று புரியாமல் தவிக்கும் புதியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மீதியை சீசன் போகப் போகக் கற்றுக்கொள்வீர்கள்.

தோற்ற அன்றே லைன்களை மாற்றி அனுப்புகிறேன். ஆனாலும் நிலைமை மாறவில்லை. தொடர்ந்து ஆறு ஆட்டம் போச்சு.

கை வைக்காமல் இருங்கள். ஆறு ஆட்டத்தை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. மென்பொருள் ஒவ்வொரு ஷாட்டுக்கும் திறன்களை எடைபோட்டுவிட்டு, கடைசியில் ஒரு தற்செயல் எண்ணைத்தான் எடுக்கிறது. நல்ல அணியும் தொடர்ந்து தோற்கும், அது அந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

முடிவை விட்டுவிட்டு ஷாட்களைப் பாருங்கள். நீங்கள் அடித்தவை எத்தனை, வாங்கியவை எத்தனை? அதோடு ஒரு சின்னக் கூட்டல் போடுங்கள். உங்கள் ஷாட்களில் கோலானவை எத்தனை சதவீதம், உங்கள் கோல்கீப்பர் தடுத்தவை எத்தனை சதவீதம் என்று பார்த்து இரண்டையும் கூட்டுங்கள். ஹாக்கிப் புள்ளிவிவரக்காரர்கள் இதை பி.டி.ஓ. என்பார்கள். லீக் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் இது 100-ல்தான் நிற்கும், ஏனென்றால் ஒருவர் அடித்த கோல் இன்னொருவர் தடுக்காமல் விட்ட ஷாட். எதிரணியைவிட அதிக ஷாட் அடித்து உங்கள் கூட்டுத்தொகை 96 என்றால் லைன்களைத் தொடாதீர்கள், அது மெல்ல 100-ஐ நோக்கி ஏறும். (கோல்கீப்பர் சுமாரானவர் என்றால் மட்டும் அவ்வளவு ஏறாது. அதைக் கீழே சொல்கிறேன்.) ஷாட்களில் பின்தங்கி, கூட்டுத்தொகை 104 வந்து, ஜெயித்துக்கொண்டும் இருக்கிறீர்கள் என்றால்தான் எனக்குக் கவலை. அப்போது மாற்றத்தை உடனே யோசியுங்கள். ஜெயிக்கும்போது யாரும் லைனைத் திறந்து பார்ப்பதில்லை, டிசம்பரில் முதலிடத்தில் இருந்த அணிகள் மார்ச்சில் காணாமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

இருபது ஆட்டம் கழிந்தும் ஷாட்களில் பின்தங்கினால், நான் முதலில் பார்ப்பது மூன்றாவது லைனை. உங்கள் கடிதத்தோடு வந்த படிவத்தில் முதல் லைனுக்கு ஐம்பது சதவீத நேரம் கொடுத்திருக்கிறீர்கள். அதே மூன்று பேர் பவர் பிளேயிலும் இருக்கிறார்கள். போதாததற்கு உங்கள் முதல் சென்டர் பெனால்டியைச் சமாளிக்கும் நான்கு பேரிலும் இருக்கிறார். அவருடைய தாங்கும் திறன் மதிப்பெண்ணைப் பாருங்கள், அணியிலேயே குறைச்சல். மூன்றாவது பகுதியில்தான் நீங்கள் அதிகம் கோல் வாங்குகிறீர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவரைப் பெனால்டி அணியிலிருந்து எடுத்துவிட்டு, நான்காவது லைனில் சும்மா உட்கார்ந்திருக்கும் அந்தத் தற்காப்பு சென்டரைப் போடுங்கள். முதல் லைனை நாற்பதுக்கு இறக்குங்கள். அப்புறம் இருபது ஆட்டம் பொறுங்கள்.

அணியின் மொத்தச் சம்பள உச்சவரம்பில் எட்டில் ஒரு பங்கைக் கேட்கிறார் ஒரு கோல்கீப்பர். அவ்வளவு கொடுக்கலாமா? எங்கள் லீகில் எல்லோரும் கோல் அடிப்பவர்களுக்குத்தான் கொட்டிக் கொடுக்கிறார்கள்.

எல்லோரும் அப்படிச் செய்கிறார்கள் என்றால் உங்களுக்கு நல்ல வாய்ப்பு. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு கோல்கீப்பர் 60 ஆட்டம் ஆடுகிறார், ஆட்டத்துக்கு 30 ஷாட் என்று வையுங்கள். மொத்தம் 1,800 ஷாட். நூற்றுக்கு 92 தடுப்பவருக்கும் 90 தடுப்பவருக்கும் உள்ள வித்தியாசம் 36 கோல். ஹாக்கியில் ஏறக்குறைய ஆறு கோல் வித்தியாசம் ஒரு வெற்றிக்குச் சமம் என்று கணக்கிடுவார்கள். ஆக, ஆறு வெற்றி, பன்னிரண்டு புள்ளி. லீக் சீசனுக்குப் பிறகு கோப்பைக்காக நடக்கும் ப்ளேஆஃபுக்குள் நுழைவதும் வெளியே நிற்பதும் இந்தப் பன்னிரண்டு புள்ளிக்குள் அடங்கிவிடும். ஒரே ஒரு முன்வரிசை வீரரால் சராசரி ஆளைவிட இவ்வளவு வித்தியாசம் கொடுக்க முடிவது மிக அபூர்வம்.

நான் பஃபலோவை எடுத்ததற்கே கோல்கீப்பர் டொமினிக் ஹசெக்தான் காரணம் என்று சொல்லலாம். இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். 1983 டிராஃப்டில் சிகாகோ அவரை 199-ஆவது ஆளாக எடுத்தது. 1992-ல் ஒரு மாற்று கோல்கீப்பரும் ஒரு டிராஃப்ட் தேர்வும் கிடைத்தால் போதும் என்று பஃபலோவுக்குக் கொடுத்துவிட்டது. அங்கே அவர் 1997, 1998 இரண்டு வருடமும் லீகின் மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் கோப்பையை வாங்கினார். கோல்கீப்பர்களில் அதை இரண்டு முறை வாங்கியவர் அவர் ஒருவர்தான். 1998-99-ல் நூற்றுக்கு 93.7 ஷாட்களைத் தடுத்தார். பெரிய நட்சத்திரக் கூட்டம் எதுவும் இல்லாத அந்த அணி, என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை இறுதிப் போட்டி வரை போனது. ஒரு கோல்கீப்பர் ஒரு அணியை எவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு போக முடியும் என்பதற்கு இதற்கு மேல் எனக்கு உதாரணம் வேண்டாம்.

சரி, இப்போது மறுபக்கம். கோல்கீப்பர்களின் மதிப்பெண் வருடத்துக்கு வருடம் மற்றவர்களைவிட அதிகமாக ஆடும். அதனால் இந்த வருட விலையில் ஐந்து வருட ஒப்பந்தம் போடாதீர்கள். இரண்டு வருடம், முடிந்தால் மூன்று. டிம் தாமஸை நினைத்துக்கொள்ளுங்கள். 1994-ல் 217-ஆவது தேர்வு, முப்பது வயது தாண்டித்தான் என்.எச்.எல்.லில் நிலையான இடம். அதற்குப் பிறகு 2009, 2011 இரண்டு வருடமும் சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா கோப்பை, 2011-ல் பாஸ்டனோடு ஸ்டான்லி கோப்பை. மலிவாகக் கிடைக்கும் முப்பது வயது கோல்கீப்பரைத் தேடுவது நல்ல வேலை. அதற்காக நேரம் செலவழியுங்கள்.

மாற்று கோல்கீப்பரையும் மறக்காதீர்கள். எஸ்.டி.எச்.எஸ். மாதிரியான மென்பொருள்களில் ஆட ஆட உடல்நிலை மதிப்பெண் இறங்கும். அடுத்தடுத்த நாளில் ஆட்டம் வந்தால் இரண்டாவது நாள் மாற்று ஆளை இறக்குங்கள், அதுவும் பலவீனமான அணிக்கு எதிராக.

டிரேட் கேட்டு பத்துப் பேருக்கு எழுதினேன். இரண்டு பேர் ‘வேண்டாம்’ என்றார்கள். மற்றவர்களிடமிருந்து பதிலே இல்லை. நான் எழுதியதை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

படித்தேன். “உங்கள் முதல் சென்டரைத் தந்தால் என்னிடமிருந்து மூன்று நல்ல வீரர்களைத் தருகிறேன். சம்மதமா?” பத்துப் பேருக்கும் இதே வரிகள், பெயர் மட்டும் மாறியிருக்கிறது.

முதலில் மூன்றுக்கு ஒன்று என்கிற கணக்கு. மதிப்பெண்களைக் கூட்டினால் உங்கள் பக்கம்தான் அதிகம் வருகிறது, அதனால் நீங்கள் தாராளமாகக் கொடுப்பதாக நினைக்கிறீர்கள். வாங்குபவர் பக்கம் போய் நின்று பாருங்கள். அவருக்கு முன்வரிசையில் 12 இடம்தான். மூன்று பேரை எடுத்தால் இரண்டு பேரை வெளியே அனுப்ப வேண்டும், அவர்களுடைய சம்பளத்தையும் எங்காவது அடைக்க வேண்டும். ஆட்டத்துக்கு இருபது நிமிடம் ஆடும் ஒருவரைக் கொடுத்துவிட்டு, பன்னிரண்டு நிமிடம் ஆடும் மூன்று பேரை வாங்குகிறார். நல்ல வீரர் யாரிடம் போகிறாரோ அந்தப் பக்கம்தான் பெரும்பாலும் ஜெயிக்கும். அனுபவமுள்ள மேனேஜர் எல்லோருக்கும் இது தெரியும், அதனால்தான் பதில் எழுதவில்லை.

எழுதுவதற்கு முன்னால் அவருடைய அணிப் பக்கத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள். யாருக்கு ஒப்பந்தம் முடிகிறது? எந்த இடத்தில் ஆள் இல்லை? உச்சவரம்புக்கு எவ்வளவு அருகில் நிற்கிறார்? கடந்த வாரம் பெனால்டி நேரத்தில் எத்தனை கோல் வாங்கினார்? அப்புறம் எழுதுங்கள். நான் எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“வணக்கம். உங்கள் இரண்டாவது டிஃபென்ஸ் ஜோடி அடிபட்டபிறகு நீங்கள் பெனால்டியில் சிரமப்படுவதைப் பார்த்தேன். என்னிடம் தற்காப்பு டிஃபென்ஸ்காரர்கள் அதிகம், விங் குறைவு. உங்கள் மூன்றாவது லைன் இடது விங் மேல் எனக்கு ஆசை. நேரடியாக மாற்றிக்கொண்டால் சம்பளத்தில் உங்களுக்குக் கொஞ்சம் மிச்சமாகும். இந்த இரண்டு பெயர்களும் ஒத்துவரவில்லை என்றால், உங்களுக்கு யார் தேவை என்று சொல்லுங்கள், என்னால் முடியுமா என்று பார்க்கிறேன். இப்போது வேண்டாம் என்றாலும் பரவாயில்லை, ஒரு வரி போடுங்கள்.”

இதற்குப் பதில் வராமல் போவது அரிது. அவர் அணியை நான் பார்த்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரிகிறது. ‘வேண்டாம்’ என்பதற்கும் வழி விட்டிருக்கிறேன். முக்கியமாக, அவருடைய முதல் சென்டரை நான் கேட்கவில்லை. அறிமுகமில்லாதவரிடம் முதல் பேச்சிலேயே வீட்டுப் பத்திரத்தைக் கேட்பதுபோல அது. சின்ன டிரேட் ஒன்று இரண்டு பேருக்கும் நல்லபடியாக முடிந்தால், அடுத்த சீசனில் பெரிய பேச்சு தானாக வரும். முதல் சென்டரை விற்க நினைக்கும்போது அவர் முதலில் உங்களுக்குத்தான் எழுதுவார்.

சம்பளம் இடிக்கிறது என்றால், உங்கள் லீக் விதிகளைப் பாருங்கள். என்.எச்.எல்.லில் விற்கும் அணி ஒரு வீரருடைய சம்பளத்தில் பாதி வரை தன் கணக்கிலேயே வைத்துக்கொள்ளலாம், அப்படி ஒரே நேரத்தில் மூன்று ஒப்பந்தங்கள் வரை அனுமதி உண்டு. பல சிமுலேஷன் லீகுகள் இதை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கின்றன. உங்களிடம் காலி இடம் இருந்தால் அதுவே ஒரு சரக்கு. உச்சவரம்பே 2004-05 சீசன் முழுவதையும் காவுவாங்கிய லாக்-அவுட்டுக்கு (அணி உரிமையாளர்களின் கதவடைப்புக்கு) பிறகு வந்ததுதான். 2005-06-ல் 3.9 கோடி டாலர், 2025-26-ல் 9.55 கோடி டாலர். உங்கள் லீக் எந்த வருட எண்ணை வைத்து ஓடுகிறது, அடுத்த வருடம் ஏறுமா என்று கமிஷனரிடம் கேட்டு வையுங்கள். ஏறும் என்று தெரிந்தால் இன்றைய நீண்ட ஒப்பந்தம் நாளைக்கு மலிவாகத் தெரியும்.

இன்னொன்று. வாய்வார்த்தையாக ‘சரி’ என்று சொன்ன பிறகு, வேறொருவர் கூடுதலாகக் கொடுக்கிறார் என்று பின்வாங்காதீர்கள். புதிதாக வந்தவருக்கு மதிப்பு தெரியவில்லை என்று பார்த்து அவருடைய நல்ல இளைஞர்களை அள்ளிக்கொண்டும் வராதீர்கள். நான் கமிஷனராக இருந்தபோது ஒரு புதியவரின் அணி இப்படிச் சூறையாடப்பட்டது. விதிப்படி எல்லாம் சரியாகவே இருந்தது. கொஞ்ச நாளிலேயே தன்னிடம் என்ன நடந்தது என்று அவருக்குப் புரிந்துவிட்டது, விலகிவிட்டார். மிச்சமிருந்த அந்த வெற்று அணியை எடுக்க யாரும் முன்வரவில்லை. வாங்கியவருடைய அணி கோப்பை ஜெயித்தது. அதற்குப் பிறகு அவரோடு டிரேட் பேச ஆளில்லை.

எங்கள் லீகில் வருடா வருடம் மதிப்பெண் மாற்றுகிறார்கள். யாருக்கு ஏறும், யாருக்கு இறங்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எனக்கு இதில் மிகப் பிடித்த பகுதி இதுதான். நிஜ வீரர்களை வைத்து நடக்கும் லீகுகளில் பெரும்பாலும் கோடையில் புது மதிப்பெண் வரும், அது முடிந்துபோன நிஜ சீசனின் புள்ளிவிவரத்திலிருந்து எடுக்கப்படும். அதாவது நீங்கள் இப்போது சிமுலேஷனில் ஆடிக்கொண்டிருப்பது போன வருட மதிப்பெண்ணில். இந்த வருடம் நிஜத்தில் அந்த வீரர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பது கண்ணெதிரே தெரிகிறது.

ஜனவரி மாதம் உட்காருங்கள். சிமுலேஷனில் 70 மதிப்பெண்ணோடு மூன்றாவது லைனில் கிடக்கும் ஒரு 22 வயதுக்காரர், நிஜத்தில் முதல் லைனுக்கு ஏறி ஆட்டத்துக்குப் பதினெட்டு நிமிடம் ஆடிக்கொண்டிருப்பார். அவருடைய மேனேஜர் ப்ளேஆஃபை மனதில் வைத்து, இன்றைக்கு உதவும் ஆளைத் தேடிக்கொண்டிருப்பார். அவருக்கு உங்கள் 31 வயது விங்கைக் கொடுத்து இந்த இளைஞரை வாங்குங்கள். இரண்டு பேருக்கும் தேவையானது கிடைக்கிறது, யாரும் ஏமாறவில்லை.

எந்தப் புள்ளிவிவரம் எந்த மதிப்பெண்ணாக மாறுகிறது என்று கமிஷனரிடம் கேளுங்கள். கோல் எண்ணிக்கையை மட்டும் வைத்து ‘ஸ்கோரிங்’ போடும் லீக் என்றால், ஷாட்களில் இருபது சதவீதத்தை கோலாக்கிக்கொண்டிருக்கும் ஆளை இந்தக் கோடையில் மதிப்பெண் ஏறியவுடன் விற்றுவிடுங்கள், அடுத்த வருடம் அவர் அதே விகிதத்தில் அடிக்க மாட்டார். ஆட்ட நேரத்தை வைத்துத் தாங்கும் திறன் போடும் லீக் என்றால், அதிக நிமிடம் ஆடும் டிஃபென்ஸ்காரர்களைச் சேருங்கள்.

டிராஃப்ட் பற்றியும் இதே கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். முதல் சில தேர்வுகளுக்கு எல்லோரும் அடித்துக்கொள்வார்கள், விடுங்கள். 1993-ல் முதல் ஆளாக அலெக்சாண்டர் டேகிள் போனார். எதிர்பார்த்த அளவுக்கு வரவே இல்லை. அதே டிராஃப்டில் இரண்டாவதாகப் போனவர் கிறிஸ் ப்ராங்கர், நான்காவதாகப் போனவர் பால் கரியா, இருவரும் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். டெட்ராய்ட் அணி பாவெல் டட்சூக்கை 1998-ல் 171-ஆவதாகவும், ஹென்ரிக் செட்டர்பெர்கை 1999-ல் 210-ஆவதாகவும் எடுத்தது. நியூயார்க் ரேஞ்சர்ஸ் ஹென்ரிக் லுண்ட்க்விஸ்டை 2000-ல் 205-ஆவதாக எடுத்தது. ஐரோப்பிய லீகுகளில் பெரியவர்களோடு ஆடும் பையன்களைப் பின்தொடருங்கள். கடைசிச் சுற்றுத் தேர்வுகளை மற்றவர்கள் டிரேடில் கொசுறாகத் தூக்கிக் கொடுப்பார்கள், நான் எப்போதும் கேட்டு வாங்கிக்கொள்வேன்.

காலியாக உள்ள மூன்று அணிகளில் ஒன்றை எடுக்கச் சொல்கிறார்கள். எப்படித் தேர்ந்தெடுப்பது?

புள்ளிப் பட்டியலை மூடி வையுங்கள். அடுத்த இரண்டு வருட முதல் சுற்றுத் தேர்வுகள் அவர்களிடமே இருக்கின்றனவா, 30 வயதைத் தாண்டியவர்களுக்கு நீண்ட ஒப்பந்தம் இருக்கிறதா, 26 வயதுக்குள் ஒரு நல்ல டிஃபென்ஸ்காரராவது உண்டா என்று பாருங்கள். இவை சரியாக இருந்தால் கடைசி இடத்தில் உள்ள அணியைக்கூட எடுக்கலாம்.

ப்ளேஆஃப் வாய்ப்பு போய்விட்டது. மோசமான கோல்கீப்பரை இறக்கி மீதி ஆட்டங்களைத் தோற்றால் நல்ல டிராஃப்ட் இடம் கிடைக்கும் என்கிறார் நண்பர். விதியில் தடை ஏதும் இல்லை.

செய்யாதீர்கள். வயதான வீரர்களை விற்று, இளைஞர்களுக்கு இடம் கொடுத்து, அதனால் தோற்றால் அது அணியைக் கட்டுவது. அதை எல்லோரும் மதிப்பார்கள். நல்ல கோல்கீப்பரை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுத் தோற்பது வேறு. உங்களோடு கடைசி பத்து ஆட்டம் ஆடும் அணிகளுக்கு இலவசமாகப் புள்ளி கிடைக்கும், அவர்களோடு எட்டாவது இடத்துக்குப் போட்டியிடும் மேனேஜர் வருடம் முழுக்க லைன் அனுப்பி உழைத்தது உங்களால் வீணாகும். அவர் அடுத்த வருடம் எதற்கு வர வேண்டும்?

நிஜத்திலும் இந்தப் பிரச்சினை வந்தது. டேகிளுக்காக 1992-93-ல் ஒட்டாவா வேண்டுமென்றே தோற்றது என்ற சந்தேகம் பெரிதாகக் கிளம்பி, 1995-லிருந்து என்.எச்.எல். டிராஃப்டுக்கு லாட்டரி வைத்தது. இன்றைக்குக் கடைசி இடம் பிடித்தால்கூட முதல் தேர்வு உறுதி இல்லை. உங்கள் லீகில் லாட்டரி இல்லையென்றால், கொண்டுவரச் சொல்லி நீங்களே கமிஷனருக்கு எழுதுங்கள். உங்களுக்கே நஷ்டம் வரும் சீசனில் எழுதினால் அதற்கு மரியாதை அதிகம்.

லீக் சீசனில் முதலிடம். ப்ளேஆஃப் முதல் சுற்றிலேயே போய்விட்டோம். மென்பொருளில் கோளாறு இருக்கிறது என்று புகார் கொடுக்கலாமா?

உங்கள் வருத்தம் புரிகிறது. ஒரு வருட வேலை ஒரே வாரத்தில் போய்விடும்போது நெஞ்சு கனக்கத்தான் செய்யும். ஆனால் கோளாறு இல்லை. 2018-19-ல் டாம்பா பே 62 வெற்றி பெற்றது. முதல் சுற்றில் கொலம்பஸிடம் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் 4–0 என்று போனது. 2022-23-ல் பாஸ்டன் 65 வெற்றி, 135 புள்ளி, இரண்டுமே சாதனை. முதல் சுற்றில் ஃப்ளோரிடாவிடம் ஏழு ஆட்டத்தில் தோற்றது. எதிர்ப்பக்கமும் உண்டு. 2012-ல் லாஸ் ஏஞ்சலஸ் தன் பிரிவில் எட்டாவதாக உள்ளே வந்து கோப்பையை எடுத்தது. 2019 ஜனவரி தொடக்கத்தில் லீகிலேயே கடைசியில் கிடந்த செயிண்ட் லூயிஸ் ஜூனில் கோப்பை ஜெயித்தது.

ஏழு ஆட்டத் தொடர் ரொம்பச் சின்னது. தோல்விக்குப் பிறகு செய்யக்கூடாதது ஒன்று: கோபத்தில் அணியைக் கலைப்பது. முதலிடம் வந்த அணியை அப்படியே இன்னொரு முறை ப்ளேஆஃபுக்குக் கூட்டிப்போங்கள்.

கமிஷனருக்கும் எங்கள் லீகில் ஒரு அணி இருக்கிறது. அது வருடா வருடம் நன்றாக ஆடுகிறது. சந்தேகமாக இருக்கிறது.

கமிஷனர்கள் பெரும்பாலும் அணியும் வைத்திருப்பார்கள். யாரும் சம்பளம் கொடுக்காத வேலை அது, அந்த ஒரு மகிழ்ச்சியாவது அவர்களுக்கு இருக்கட்டும். லீக் கோப்புகளை எல்லாம் பார்ப்பதால் மற்றவர்களைவிட நன்றாக ஆடுவதும் இயல்பு. சந்தேகத்தைப் பொதுவில் கொட்டாமல், மூன்று விஷயங்களைத் தனியாகக் கேளுங்கள். மதிப்பெண் போடும் சூத்திரம் எல்லோருக்கும் தெரியுமா? அவருடைய டிரேட்களை வேறு ஒருவர் அங்கீகரிக்கிறாரா? ஒரு சுற்றை மறுபடி ஓட்ட வேண்டி வந்தால் காரணத்தை அறிவிக்கிறாரா? கடைசிக் கேள்விதான் முக்கியம். மின்சாரம் போய் கோப்பு கெட்டு, ஒரு சுற்றை நானே திரும்ப ஓட்டவேண்டி வந்தது. முதல் ஓட்டத்தில் எந்த அணிகள் ஜெயித்தன என்று யாருக்கும் தெரியாமல் இருந்தாலும், நடந்ததை அன்றே எல்லோருக்கும் எழுதிவிட்டேன். நல்ல கமிஷனர் இந்த மூன்று கேள்விக்கும் கோபப்பட மாட்டார், சந்தோஷமாகவே பதில் சொல்வார்.

புது வேலை, நேரமே இல்லை. சீசன் நடுவில் விலக வேண்டியிருக்கிறது. சொல்லாமல் போய்விடலாமா, அணி தானாக ஓடும்தானே?

தானாக ஓடும், மோசமாக ஓடும். அடிபட்டவர் லைனில் அப்படியே நிற்பார், அல்லது மென்பொருள் தனக்குத் தோன்றியபடி நிரப்பும். ஒப்பந்தம் முடிபவர்கள் கைநழுவிப் போவார்கள். உங்களுக்கு டிரேட் எழுதியவர்கள் வாரக்கணக்கில் காத்திருப்பார்கள்.

முதலில், நிஜமாகவே விலகத்தான் வேண்டுமா என்று பாருங்கள். வாரத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் ஒரு அணியைக் கௌரவமாக நடத்தலாம். ஞாயிறன்று வாரம் முழுமைக்கும் லைன் அனுப்பிவிடுங்கள், அடிபட்டால் யார் வர வேண்டும் என்பதையும் நிரப்பிவையுங்கள், வந்த செய்திகளுக்கு ‘இப்போது வேண்டாம்’ என்றாவது பதில் போடுங்கள். இதற்கும் முடியாது என்றால் கமிஷனருக்கு இன்றே எழுதுங்கள். எழுதும்போது பாதிப் பேச்சில் நிற்கும் டிரேட்கள் எவை, யாருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க நினைத்தீர்கள், எந்தப் பையனை எக்காரணத்துக்கும் விற்கக்கூடாது என்று குறிப்பு வையுங்கள். இரண்டு வாரம் இருந்து அடுத்த மேனேஜருக்கு லைன் படிவத்தைக் காட்டிக்கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. வேலை பழகியபின் திரும்ப வர நினைத்தால், உங்களுக்கு ஒரு அணியை எடுத்துவைக்க அந்தக் கமிஷனர் தயாராக இருப்பார். புது வேலைக்கு வாழ்த்துகள்.